குழைக்குள் ஒரு நேர்கோடு

எங்கள் ஸ்டூடியோ சந்தியைப் பார்த்தபடி மாடியில் இருந்தது. கீழே புடவைக் கடை, மேலே நாங்கள். நாங்கள் என்றால் முதலாளியும் நானும் மட்டும்தான். முதலாளி கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம். படம் பிடிப்பது அவர் வேலை, அவர் பிடித்த முகங்களைக் கணினியில் திருத்துவது என் வேலை. பருவைத் துடைப்பேன், நரையைக் கறுப்பாக்குவேன், கண் மூடியிருந்தால் வேறொரு படத்திலிருந்து திறந்த கண்ணை எடுத்து வைப்பேன். யுத்தம் மறுபடி தொடங்கிய பிறகு வேறு வேலைதான் அதிகம் வந்தது. கலியாண வீட்டுக் கூட்டப் படமொன்றை நீட்டி, பின்வரிசையில் பாதி மறைந்து நிற்கும் ஒருவரை விரலால் தொட்டு, "இவர்தான்" என்பார்கள். எதற்கு என்று நான் கேட்பதில்லை. அந்தத் தலையைக் கூட்டத்திலிருந்து வெட்டியெடுத்து, கோட்டும் டையும் போட்டு, பின்னால் நீல வானம் வைத்துக் கொடுப்பேன். அழுதுகொண்டே வாங்கிப் போவார்கள்.

அந்த வேலை எனக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னால் பொய். செத்தவரை வடிவாக, அழகாக அனுப்பிவைக்கவும் ஒருவர் வேண்டும்தானே. எனக்குப் பிடிக்காதது, நான் ஒட்டியது ஒட்டியதாகவே தெரிந்ததுதான். முகம் ஒரு வெயிலில் இருக்கும், வானம் இன்னொரு வெயிலில் இருக்கும். காதோரம் கத்தரித்த கடதாசி மாதிரி நிற்கும். வாங்கிப் போகிறவர்களுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். அந்த எரிச்சலோடு வீட்டுக்குப் போய்த் தம்பியிடம் எரிந்து விழுவேன்.

ஒட்டியது தெரியாமல் ஒட்டுவது எப்படி என்று நான் கற்றுக்கொண்டது ஒரு கணினிக் கேமில்.

கணினி கொழும்பில் பழையதாக வாங்கியது. முன்பு வைத்திருந்தவர் தன்னுடைய கேம் ஒன்றை அழிக்காமல் விட்டிருந்தார். சுடுகிற, கார் ஓட்டுகிற கேம் இல்லை. ஒரு பெண் தோளில் பையோடு வள்ளத்திலிருந்து ஒரு துறைமுகத்தில் இறங்குகிறாள். அங்கே ஒருவரும் இல்லை. ஏன் எல்லோரும் போய்விட்டார்கள் என்று அவள் கண்டுபிடிக்க வேண்டும். அதற்காக வீடு வீடாகப் போய், பூட்டுத் திறந்து, உதவும் என்று தோன்றுகிற பொருளை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு நடக்கிறாள். அவ்வளவுதான். சனம் ஏன் ஊரைவிட்டுப் போகும் என்று திரியாயில் பிறந்த எனக்கு ஒரு கேம் வந்து சொல்லித்தரத் தேவையில்லை. நாங்கள் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது அம்மா அடுப்பில் உலை வைத்தது வைத்தபடியே வந்தவர். நான் அந்தக் கேமுக்குள் போனது கதைக்காக அல்ல, பார்ப்பதற்காக.

அப்படியொரு வடிவை நான் அதற்கு முன் கண்டதில்லை. ஒவ்வொரு இடமும் ஒரு முழு ஓவியம். அதில் அசைவது ஒன்றோ இரண்டோதான்: ஒரு ஜன்னல் சீலை, ஒரு கயிற்று நுனி, தண்ணீரில் கிடக்கும் வெளிச்சம். மற்றதெல்லாம் அசையாமல் நிற்கும். விடியற்காலைக் கடலை அந்த ஓவியத்தைக் கீறியவன் நீலத்தில் கீறவில்லை. பால் தேத்தண்ணி நிறத்தில் கீறி, கரையோரம் மட்டும் ஒரு பச்சைக் கோடு விட்டிருந்தான். இவனுக்கு என்ன கண்ணில் கோளாறோ என்று முதலில் சிரித்தேன். அடுத்த நாள் காலை, எங்கள் வீடு இருந்த சாம்பல்தீவிலிருந்து பஸ்ஸில் வரும்போது பாலத்தில் தலையை நீட்டிப் பார்த்தேன். பால் தேத்தண்ணியேதான். கரையோரம் பச்சையேதான். பிறந்ததிலிருந்து கடற்கரையில் இருக்கிறேன், அதுவரை நான் பார்த்ததில்லை. எனக்கு வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது.

நிழலை அவன் கறுப்பில் வைக்கவில்லை. ஊதாவில் வைத்தான், சில இடங்களில் இருண்ட நீலத்தில். அந்தத் துறைமுகத்தில் துருப்பிடித்த பாரந்தூக்கி ஒன்று நிற்கும். துரு என்றால் மண்ணிறம் என்று நினைத்திருந்தேன். கிட்ட வைத்துப் பார்த்தால் உள்ளே ரோஸ், செம்மஞ்சள், ஓரிடத்தில் மயில்பச்சை. அந்தப் பாரந்தூக்கியை மட்டும் ஒரு மத்தியானம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேமில் வருகிற பெண் கரையில் அசையாமல் காத்து நின்றாள். முதலாளி எட்டிப் பார்த்தார்.

"மகள், இவ எப்பயாவது நடப்பாவா, இல்லாட்டி இப்பிடியே நிண்டு காஞ்சு போவாவா?"

"கொஞ்சம் பொறுங்கோ முதலாளி, துருவைப் பாத்துக்கொண்டு நிக்கிறா."

"துருவைப் பாக்க இவ்வளவு தூரம் வள்ளத்தில வரணுமா? எங்கட துறைமுகத்தில இல்லாத துருவா?"

நான் கறுப்பு நிழலைக் கைவிட்டேன். செத்தவர்களின் கழுத்தடியில் ஊதா வைத்தேன். முகத்தில் விழும் வெயில் எந்தப் பக்கமோ, வானத்தின் வெயிலையும் அந்தப் பக்கம் திருப்பினேன். ஒரு தாய் தன் மகனின் படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்துவிட்டு, "மூச்சு விடுற மாதிரி இருக்கு பிள்ளை" என்றார். அன்று நான் சாப்பிடவில்லை.

தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா போன பிறகு எனக்கிருந்தது அவன் ஒருவன்தான். சந்தியில் ஆட்டோ வைத்திருந்தான். இராணுவத்தின் ஒரு சுற்றிவளைப்பில் அவனைப் பிடித்துக்கொண்டு போய், பிறகு விட்டார்கள். திரும்பி வந்தவன் அங்கே என்ன நடந்தது என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து கதவைத் தட்டும் சத்தம் கேட்டால் எழுந்து நிற்பான். இன்னொரு முறை அவனைக் கொண்டுபோனால் வரமாட்டான் என்பதை நான் யாரிடமும் சொல்லாமல் எனக்குள்ளேயே வைத்திருந்தேன். அப்படிப் போய் வராதவர்களின் படங்கள் என் கணினியில் நிறைய இருந்தன. என் கதிரையிலிருந்து ஜன்னல் வழியே பார்த்தால் ஆட்டோக்கள் நிற்கும் இடம் தெரியும். கணினி படத்தைச் சேமிக்கும் நேரமெல்லாம் திரும்பி அவன் இருக்கிறானா என்று பார்ப்பேன். பழைய கணினி, மெதுவாகத்தான் சேமிக்கும். அதனால் சந்தியை நான் பார்த்த மாதிரி வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

மத்தியானத்தில் அவன் மேலே வருவான். சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு இருவரும் கேமுக்குள் போவோம். அவனுக்குப் பொறுமை கிடையாது. கண்ட இடமெல்லாம் மவுஸை வைத்து அமத்துவான். எனக்கு அது தேவைப்படவில்லை. பின்னால் இருக்கும் ஓவியம் ஒரு கையால் கீறியது. எடுத்துப் பையில் போடக்கூடிய பொருள் பிறகு வேறொரு கையால் கீறி மேலே வைத்தது. எவ்வளவு கெட்டிக்காரன் வைத்தாலும் அது தெரியும். சுற்றிவர உள்ளதில் தூசி இருக்கும், அதில் இருக்காது. சுற்றிவர உள்ளதன் ஓரம் கரைந்து போயிருக்கும், அதன் ஓரம் நேராக நிற்கும். நாள் முழுக்க வெட்டி ஒட்டுகிறவளுக்கு இது பெரிய வித்தையில்லை.

"அந்தக் கொளுக்கி. பிறகு அந்தக் கோப்பை. கயிறு இல்ல, கயிறு படத்தோட சேந்தது."

"அக்கா, நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ, நான் அமத்துறன். அந்தப் பொம்பிளை பாவம், நாங்கள் ரெண்டு பேர் இல்லாட்டி வள்ளத்தடியிலேயே நிண்டிருப்பா."

அந்த நாளும் இப்படித்தான் தொடங்கியது. காலையில் ஜன்னலைத் திறந்தபோது, சந்தியில் இருந்த இராணுவக் காவலரணுக்கு எதிர்ப்பக்க மதிலோடு, வாகை மர நிழலில் ஒரு சைக்கிள் நின்றது. பின்னால் பெரிய பூவரசங் குழைக் கட்டு. ஆட்டுக்குக் குழை வெட்டிக்கொண்டு போகிறவர் யாரோ தேத்தண்ணி குடிக்கப் போயிருக்கிறார் என்று நினைத்தேன். ஒரு கலியாணப் படத்தை எடுத்து வேலையைத் தொடங்கினேன். சேமிக்கும்போது பார்த்தேன், சைக்கிள் நின்றது. தம்பி ஆட்டோவுக்குள் கால் நீட்டிக் கிடந்தான். அடுத்த படம் முடித்துப் பார்த்தேன். நிழல் மரத்தைச் சுற்றி மறுபக்கம் போயிருந்தது, சைக்கிள் வெயிலில் நின்றது.

அப்போதுதான் எனக்கு ஒரு மாதிரி இருந்தது. குழை வெட்டியவர் அதை வெயிலில் விடமாட்டார். வாடிய குழையை ஆடு மூக்கால் தள்ளிவிடும். வெட்டிய கையோடு, ஈரத்தோடு வீட்டுக்குக் கொண்டு ஓடுவார்கள், தேத்தண்ணி குடிக்கிறதென்றாலும் நிழலில்தான் தள்ளி வைப்பார்கள். எங்கள் பக்கத்தில் ஆடு வைத்திருக்கிற எந்த வீட்டிலும் இது தெரியும். இந்தக் குழையோ ஓரம் சுருண்டு கறுத்துக்கொண்டிருந்தது, ஒருவரும் வரவில்லை.

அந்த நேரம் பார்த்து மான் வந்தது. எங்கள் நகரத்தில் புள்ளிமான்கள் மாடு மாதிரித் தெருவில் திரியும். மரக்கறிக் கழிவைத் தின்னும், சுவரில் ஒட்டிய நோட்டீஸைத் தின்னும், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஒரு பெண் மான் மதிலோரமாக வந்து குழைக் கட்டில் வாயை வைத்து இழுத்தது. காவலரணில் நின்ற சிப்பாய் பார்த்துச் சிரித்தான். மான் முன்னங்காலை ஊன்றிப் பலமாக இழுத்தது. ஒரு கொப்பு பிய்ந்து வந்தது. சைக்கிள் ஆடவில்லை. மதிலில் சாய்த்த சைக்கிளை மான் அப்படி இழுத்தால் சரிந்து விழ வேண்டும். அது நட்டுவைத்த மாதிரி நின்றது. கொப்பு போன இடத்தில், இலைகளுக்கு நடுவில், ஒரு நேர்கோடு தெரிந்தது.

இலைக்குள் நேர்கோடு இராது.

மவுஸை விட்டுவிட்டு எழுந்தேன். மான் மறுபடி வாயை வைத்தது. தம்பியின் ஆட்டோவுக்கும் அந்தச் சைக்கிளுக்கும் நடுவில் தெருவின் அகலம் மட்டும்தான். கைத்தொலைபேசியை எடுத்தேன், அன்று காலையிலிருந்தே சிக்னல் இல்லை. காவலரணில் போய்ச் சொல்ல முடியாது. குண்டு இருக்கிறது என்று சொல்கிறவனைத்தான் முதலில் கேட்பார்கள், உனக்கு எப்படித் தெரியும் என்று. அந்தக் கேள்விக்குள் போனவர்கள் வெளியே வந்த கதை குறைவு. சொன்னது மற்றப் பக்கத்துக்கு, குண்டை வைத்தவர்களுக்குத் தெரிந்தால் அது இன்னொரு கதை. எனக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான், தம்பியை அங்கிருந்து கிளப்ப வேண்டும்.

படியில் இறங்கி, ஓடாமல் நடந்து போனேன். ஓடினால் எல்லோரும் பார்ப்பார்கள்.

"டேய், எழும்பு. ஆட்டோவை எடு. நிலாவெளிக்கு ஒரு ஹயர்."

"ஏலாது அக்கா. பள்ளிக்கூடம் விடப்போகுது, பிள்ளையளை ஏத்த வேணும்."

"எடு எண்டு சொல்லுறன்."

"ஏன், என்ன? முகம் வெளிறிப் போயிருக்கு."

சொல்லாமல் அவன் அசையமாட்டான் என்று தெரிந்தது. குனிந்து சொன்னேன். அந்தச் சைக்கிள், பார்க்காதே, குழைக்குள் ஏதோ இருக்கிறது. அவன் பார்த்தான். பார்க்காதே என்றால் பார்க்கிற பிறவி. பிறகு தெருவின் மற்ற முனையைப் பார்த்தான். அந்தப் பக்கமாகத்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வருவார்கள்.

"அக்கா, அந்தப் பிள்ளையள் இந்த மதிலோரமாத்தானே வாறது."

"எனக்குத் தெரியும். நீ முதல்ல ஆட்டோவை எடு."

"நீங்கள் மேல போங்கோ" என்றான். சொல்லிவிட்டு இரண்டு கைகளையும் தோளுக்கு மேலே தூக்கிக்கொண்டு காவலரணைப் பார்த்து நடந்தான்.

மடையன். வேறு சொல் எனக்கு வாயில் வரவில்லை. அவனை நான் வளர்த்தது இதற்கா? பின்னால் ஓடிப்போய்ச் சட்டையில் பிடித்து இழுக்க வேண்டும் போலிருந்தது, ஓடினால் சிப்பாய் சுடுவான். சிப்பாய் துப்பாக்கியை நிமிர்த்தினான். தம்பி தூரத்திலேயே முழந்தாளில் இருந்தான். ஏதோ சொன்னான். சிப்பாயின் முகம் மாறியது. அதன்பிறகு விசில் சத்தம், ஓடு ஓடு என்ற கத்தல், கடைக் கதவுகள் இழுபடும் சத்தம். மானைக் கல்லெறிந்து கலைத்தார்கள். முதலாளி என்னைக் கையில் பிடித்து மேலே இழுத்துக்கொண்டு போய் மேசைக்குக் கீழே தள்ளினார். அவர் வாய் ஓதிக்கொண்டேயிருந்தது.

அது வெடிக்கவில்லை. யாரோ வந்து கழற்றினார்கள். பிள்ளைகளை வேறு வழியால் அனுப்பியதாகப் பிறகு அறிந்தேன். நான் மேசைக்குக் கீழிருந்து வெளியே வந்து ஜன்னலால் பார்த்தபோது ஆட்டோ நின்றது. அதன் பக்கத்தில் யாரும் இல்லை. காவலரணுக்கு முன்னால் ஒரு ஜீப் நின்றது. அதற்குள் தம்பி குனிந்திருந்தான், கைகள் பின்னால் இருந்தன.

எப்படித் தெரியும் என்று கேட்டிருக்கிறார்கள். அக்கா சொன்னவ என்று சொல்லியிருக்கிறான். அக்காவுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருக்கிறார்கள். கேம் விளையாடித் தெரியும் என்று சொல்லியிருக்கிறான். அடித்திருப்பார்கள்.

அதிகாரி படியேறி வந்தார். சத்தம் போடவில்லை. வாடிக்கையாளர் இருக்கும் கதிரையில் இருந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். அவர் சிங்களத்தில் கேட்க முதலாளி எனக்குத் தமிழில் சொன்னார். முதலாளி என்னை விட்டு விலகி நிற்கவில்லை.

"அந்தக் கேமைக் காட்டச் சொல்லுறார் மகள்."

திறந்தேன். அந்தத் துறைமுகம் வந்தது, பால் தேத்தண்ணிக் கடலும் பாரந்தூக்கியும். அதிகாரி முன்னால் சாய்ந்தார்.

"இது எங்கட துறைமுகமோ எண்டு கேக்கிறார்."

"இல்லை. இது எங்கயும் இல்லாத ஊர். இங்க ஒருத்தரும் இல்லை."

"ஏன் இல்லை எண்டு கேக்கிறார்."

"எனக்கும் தெரியாது. இன்னும் முடிக்கேல்ல."

அவர் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். தண்ணீரில் வெளிச்சம் அசைந்துகொண்டிருந்தது. தன் ஊர்க் குளம் விடியலில் இப்படித்தான் கிடக்கும் என்றாராம், முதலாளி சொன்னார். ஒரு கணம் அவரும் எங்களைப் போல ஒரு ஆள் என்று தோன்றியது. அடுத்த கணமே கேள்வி வந்தது. இதில் எடுக்கக்கூடியது எது? நான் அந்தக் கொளுக்கியைக் காட்டினேன், கோப்பையைக் காட்டினேன். அமத்த அவை பைக்குள் போயின. ஏன் கயிறு இல்லை என்று கேட்டார். தூசியையும் ஓரத்தையும் வெயிலையும் பற்றிச் சொன்னேன். முதலாளி தடுமாறித் தடுமாறி மொழிபெயர்த்தார்.

அதிகாரி தலையை ஆட்டவில்லை. நீ பல தடவை விளையாடியது, உனக்கு மனப்பாடம் என்றார். சரியான பேச்சுத்தான். பிறகு எழுந்து ஜன்னலடிக்குப் போய் வெளியே கையைக் காட்டினார்.

"இதில சொல்லச் சொல்லுறார்" என்றார் முதலாளி. "இந்தச் சந்தியில, கொண்டுவந்து வச்சது எது எண்டு. சொன்னா தம்பி சொன்னது உண்மை. சொல்லாட்டி..."

நான் பார்த்தேன். தினமும் பார்க்கிற படம். செவ்விளநீர்க் குவியல், வாகை மரம், மூடிய கடைகள், மண்மூட்டை, ஜீப், அதற்குள் குனிந்த தலை. ஆட்டோவின் பக்கத்தில் வெறும் இடம்.

"பொருந்தாம இருக்கிறது ஒண்டு இருக்கு" என்றேன். "அந்த ஜீப்புக்குள்ள இருக்கிறவன். அவன் அந்த ஆட்டோவுக்குப் பக்கத்தில இருக்க வேண்டியவன்."

முதலாளி என்னைப் பார்த்தார். பிறகு மொழிபெயர்த்தார். அதிகாரி ஒரு சொல்லில் பதில் சொன்னார்.

"வேற" என்றார் முதலாளி.

வேறு இருந்தது. எனக்குத் தெரிந்தே இருந்தது. தேத்தண்ணிக் கடைக்குப் பக்கத்தில், பரிசு விழும் லொத்தர் சீட்டு விற்கிறவன். கொஞ்சக் காலமாகத்தான் நிற்கிறான். சீட்டுப் பலகை வெயிலில் வெளிறியது, அவன் கழுத்து கறுக்கவில்லை, நிழலில் வளர்ந்த கழுத்து. சீட்டு வாங்க வருகிறவரின் முகத்தைப் பார்க்கமாட்டான், கையிலிருக்கும் பையைப் பார்ப்பான். படத்தில் பிறகு வைத்த ஆள். ஆனால் வைத்தது யார்? மற்றப் பக்கம் வைத்திருந்தால், என் வாயிலிருந்து சொல் விழுந்த கணமே அவன் செத்தான். கொஞ்ச நாளில் நானும்தான். சொல்லாவிட்டால் தம்பி. முதலாளி ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கண்ணை மூடி, தினமும் பார்த்த அந்தச் சந்தியைத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். காவலரணில் எல்லோரையும் தடவிப் பார்க்கிறார்கள். இளநீர்க்காரனின் கத்தியைக் கூட வாங்கிப் பார்க்கிறார்கள். முதலாளியின் கமெராப் பையைத் தினமும் கொட்டிப் பார்க்கிறார்கள். லொத்தர்க்காரன் பலகையோடு நேரே நடந்து போவான். அவனை ஒரு நாளும் தடவியதை நான் காணவில்லை.

"லொத்தர் விக்கிறவர்" என்றேன். "அவர் உங்கட ஆள்."

முதலாளி அதை மொழிபெயர்க்கத் தயங்கினார். அதிகாரிக்கு விளங்கிவிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தார், முகத்தில் ஒன்றுமில்லை. தொப்பியைப் போட்டுக்கொண்டு முதலாளியிடம் மெதுவாக ஏதோ சொன்னார். முதலாளி அதை எனக்குச் சொல்லவில்லை. அதிகாரி இறங்கிப் போனார்.

தம்பியைப் பொழுது சாய்வதற்கு முன் விட்டார்கள். உதடு வீங்கியிருந்தது. நான் அவனுக்கு ஒரு அறை விட்டேன், பிறகு கட்டிப் பிடித்து அழுதேன். "பிள்ளையள் தப்பீட்டுதுகள்தானே அக்கா" என்றான். தப்பித்தார்கள்தான். ஆனாலும் எனக்குக் கோபம் ஆறவில்லை.

அடுத்த நாள் லொத்தர்க்காரனைக் காணவில்லை. அந்த இடத்தில் சாக்கு விரித்துச் செருப்புத் தைக்கிறவன் ஒருவன் இருந்தான். அவன் கத்திக்குக் கூர் இல்லை, அவனும் பிறகு வைத்த ஆள்தான்.

முதலாளி ஜன்னலுக்கு முதுகைக் காட்டி இருந்துகொண்டு, அதிகாரி சொன்னதைச் சொன்னார். "இந்தப் பிள்ளைட கண் எங்களுக்கு வேணும் எண்டார். நீ இந்த ஜன்னலடியில இருந்து, புதுசா எது வந்தாலும் சொல்லணுமாம். தம்பி கிழமைக்கு ஒருக்காப் போய்க் கையெழுத்து வைக்கணுமாம்."

எனக்கு விளங்கியது. பார்த்தால் தெரியும், தெரிந்தால் சொல்ல வேண்டும், சொன்னால் ஒரு பக்கம் என்னைக் கொல்லும், சொல்லாவிட்டால் மற்றப் பக்கம் தம்பியைக் கொல்லும். அந்த வடிவான கடலையும் துருவையும் பார்த்துப் பார்த்து நான் தேடிக்கொண்ட கண் இது. அதைப் பிடுங்கி வைக்கவும் ஏலாது.

பிடுங்க முடியாது, மறைக்கலாம். ஸ்டூடியோவில் ஆட்களை நிறுத்திப் படம் பிடிக்கப் பின்னால் தொங்கவிடும் பெரிய துணித் திரை ஒன்று இருந்தது. அருவி, இரண்டு அன்னம், தாமரை. முதலாளியிடம் கேட்காமலே அதைக் கழற்றி ஜன்னலுக்குக் குறுக்கே ஆணியில் மாட்டினேன். அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வெளிச்சம் விழுந்தா நிறம் சரியாத் தெரியாதுதானே" என்றார். "கேட்டா அதைச் சொல்லுவம். துணியும் என்ட, ஜன்னலும் என்ட."

அதிகாரி ஒரு நாள் வந்தார். முதலாளி அந்த வெளிச்சக் கதையைச் சொன்னார். அதிகாரி அருவியைப் பார்த்தார், அன்னத்தைப் பார்த்தார், திரையின் ஓரத்தைத் தூக்கித் தெருவைப் பார்த்துவிட்டு மறுபடி கீழே விட்டார். பிறகு எனக்கு விளங்கும்படி தமிழிலேயே கேட்டார்.

"இதில ஒட்டினது எது?"

"எல்லாம் ஒரே கை கீறினது, ஐயா" என்றேன். "எடுக்க ஒண்டும் இல்ல."

அவர் சிரித்தாரா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. போய்விட்டார். போனவர் மறுபடி வரவில்லை, ஆனால் வருவார் என்ற பயம் போகவில்லை.

திரை போட்டதில் தம்பியும் மறைந்து போனான். அதற்கு அவனே ஒரு வழி சொன்னான். பள்ளிக்கூடப் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து சந்தியில் ஆட்டோவை நிறுத்தியதும் ஹோர்ன் அடிப்பான், இரண்டு தரம். அந்தச் சத்தம் வரும்வரை என் கை மவுஸில் அசையாது. வந்த பிறகுதான் அடுத்த முகத்தைத் திறப்பேன்.

ஒரு மத்தியானம் அது வரவில்லை. காத்திருந்தேன். முதலாளி மணியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்க்காமல் கமெராவைத் துடைத்தார். கீழே ஏதோ வாகனம் நின்று போகும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான், எனக்குப் பைத்தியம் பிடித்தது. எழுந்து அருவியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். ஆணியோடு பிய்ந்து வந்தது.

வெயில் முகத்தில் அடித்தது. ஆட்டோ நின்றது. தம்பி பின்சீட்டில் வாயைத் திறந்தபடி நித்திரை. அந்தப் பெண் மான் ஆட்டோவுக்குள் தலையை விட்டு, நான் காலையில் கட்டிக் கொடுத்த சோற்றுப் பார்சலை நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. மானின் முதுகில் வெயில், வயிற்றின் கீழே ஊதா நிழல், ஆட்டோவின் துருவில் ரோஸ் நிறம். அவ்வளவு வடிவாக ஒரு படம் நான் என் வாழ்க்கையில் பார்த்ததில்லை. வாய்விட்டுச் சிரித்தேன்.

சிரித்த சத்தத்துக்குச் செருப்புத் தைக்கிறவன் நிமிர்ந்து என் ஜன்னலைப் பார்த்தான். தேத்தண்ணிக் கடையில் நின்ற இன்னொருவனும் பார்த்தான். அவனை நான் அதற்கு முன் கண்டதில்லை. அவன் எந்தப் பக்கம் என்று யோசிக்க என் கண் தானாகவே தொடங்கிவிட்டது, செருப்பைப் பார்த்தது, கழுத்தைப் பார்த்தது. எவ்வளவோ சொல்லியும் நிற்கவில்லை.

நான் குனிந்து துணியை எடுத்தேன். அவசரத்தில் ஆணி ஓட்டையில் மாட்டவில்லை. முதலாளி வந்து மறுமுனையைப் பிடித்தார். இருவருமாக அருவியை இழுத்து மூடியபோது கீழே ஹோர்ன் அடித்தது, இரண்டு தரமல்ல, நிற்காமல். மானைக் கலைக்கத்தான் அடித்தான். எனக்கு அது போதும். கதிரையில் இருந்து, அடுத்த முகத்தைத் திறந்தேன்.